கிளினிக் ஆய்வு (கிங்ஸ் சர்க்கிள், மும்பை)

குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் சிகிச்சைத் தரமும் நோயாளியின் பாதுகாப்பும் முறையாக உள்ளனவா என்று சரிபார்ப்பது கிளினிக் ஆய்வு. தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் கிங்ஸ் சர்க்கிள், மும்பை மாநகராட்சியின் எஃப் வடக்கு வார்டில் அடங்கும். படுக்கை வசதியுள்ள நர்சிங் ஹோம்கள் 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநகராட்சியிடம் பதிவு பெற்று ஆய்வுக்கு உட்படுகின்றன. 2021இல் விதிகள் திருத்தப்பட்டு நோயாளி உரிமைச் சாசனமும் சேர்ந்தது. படுக்கையில்லாத கிளினிக்குகள் அச்சட்டத்துக்குள் வருவதில்லை. மத்திய அரசின் 2010ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தையும் மகாராஷ்டிரம் ஏற்கவில்லை. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மக்கள் முதலில் படியேறும் இடம் இப்படி விடுபட்டிருப்பது பெருங்குறை. தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுச் சட்டம் (விதிகள் 2018) கிளினிக்குகளையும் பதிவுக்குள் கொண்டுவந்தது. இங்கிலாந்திலோ பராமரிப்புத் தர ஆணையம் குடும்ப மருத்துவர்களின் மையங்களை ஆய்ந்து, நான்கு தரநிலைகளில் ஒன்றை அளித்து, அறிக்கையைப் பொதுவில் வெளியிடுகிறது.

மும்பைக் கிளினிக்கை எந்த விதியும் தொடாது என்பதில்லை. 2016ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி, ஊசிமுனைகள் துளைபடாத வெள்ளைக் கொள்கலனிலும், இரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையிலும் சேர வேண்டும். 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறைகள், மருத்துவர் தம் பதிவு எண்ணைக் கிளினிக்கில் எழுதி வைக்கவும், நோயாளி கேட்டால் சிகிச்சை ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தரவும் கட்டளையிடுகின்றன. உங்கள் சிகிச்சை ஆவணங்களைத் தயங்காமல் கேட்டுப் பெறுங்கள்.