செராம்பூரின் டேனியக் கட்டடங்கள்

மேற்கு வங்கத்தில், கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் செராம்பூர், 1755 முதல் 1845 வரை டென்மார்க்கின் வணிகக் குடியிருப்பாக இருந்தது. நவாப் அலிவர்திகானின் அனுமதியுடன் அமைந்த இவ்வூருக்கு மன்னர் ஐந்தாம் பிரெடெரிக்கின் நினைவாகப் பிரெடெரிக்ஸ்நகர் என்று பெயரிட்டனர். அதன் நிர்வாகம் நெடுங்காலம் டேனியரின் மற்றொரு குடியிருப்பான தரங்கம்பாடிக்குக் கீழ்ப்பட்டிருந்தது.

ஆனால் தரங்கம்பாடியில் உள்ளதுபோல் இங்கே கோட்டை எதுவும் எழவில்லை. பருத்தித் துணி, பட்டு, வெடியுப்பு ஆகியவற்றை வாங்கிக் கப்பலேற்றுவதே டேனியர்களின் வேலை. ஐரோப்பியப் போர்க்காலங்களில் நடுநிலை நாட்டுக் கொடி அவர்களுக்குப் பெரும் லாபம் தந்தது. அந்த நடுநிலை முறிந்தபோது, 1801இலும் 1808இலும், பிரிட்டிஷார் எளிதாக ஊரைக் கைப்பற்றினர். கோட்டை இல்லாததால் இன்று எஞ்சி நிற்பவை வழிபாட்டுக்கும் அலுவலுக்கும் தங்கலுக்கும் கல்விக்கும் கட்டப்பட்டவையே.

இவற்றில் தலையாயது புனித ஓலாவ் தேவாலயம். ஆளுநர் ஓலே பீ நிதி திரட்டி 1800இல் பணியைத் தொடங்கினார். கல்கத்தாவில் இருந்த ஆங்கிலேயர்களும் பணம் கொடுத்தார்கள். 1805இல் இறந்த ஓலே பீ, 1806இல் ஆலயம் நிறைவுற்றதைக் காணவில்லை. இரட்டைத் தூண்கள் தாங்கும் முகமண்டபத்தில் மன்னர் ஏழாம் கிறிஸ்டியானின் முத்திரை எழுத்து இன்றும் தெரிகிறது. கோபுர மணியில் அதை வார்த்த டேனிய ஊரான பிரெடெரிக்ஸ்வெர்க்கின் பெயரும் 1804 என்ற ஆண்டும் உள்ளன. கூரை பழுதாகி மூடப்பட்ட ஆலயம், டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் ஆதரவுடன் சீரமைக்கப்பட்டு, 2016இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதைப் பெற்றது.

மற்ற கட்டடங்களின் கதியை அவற்றின் பயன்பாடே தீர்மானித்தது. ஆளுநர் மாளிகை, அரசு அலுவலகங்கள் இயங்கியவரை தாக்குப்பிடித்தது. அவை வெளியேறியதும் சிதையத் தொடங்கி, பின்னர் பெருமுயற்சியால் மீட்கப்பட்டது. நிஷான் படித்துறைக்கு எதிரே 1786இல் தொடங்கிய டென்மார்க் டாவர்ன், ஆற்று வழியே வந்தவர்களின் விடுதி. அது கூரையிழந்து இடிபாடாகக் கிடந்தது. 2018இல் திறக்கப்பட்ட இன்றைய கட்டடத்தில் புதிதாகக் கட்டிய பகுதியே கணிசம். இருந்தாலும் அதைச் சிற்றுண்டியகமாகவும் தங்கும் விடுதியாகவும் திறந்தது சரியான முடிவு. பூட்டி வைத்த நினைவுச்சின்னம் வங்கத்து ஈரத்தில் நெடுநாள் தாங்காது.

பயன்பாட்டில் உள்ள கட்டடம் நிலைக்கும் என்பதற்குச் சிறந்த சான்று செராம்பூர் கல்லூரி. பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் மதப்பரப்பாளர்களை விரும்பாத காலத்தில், வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்ட் ஆகியோருக்கு டேனியக் கொடியின் கீழ்தான் இடம் கிடைத்தது. அவர்கள் 1818இல் கல்லூரியை நிறுவினர். 1827இல் மன்னர் ஆறாம் பிரெடெரிக் அதற்குப் பட்டம் வழங்கும் உரிமையைச் சாசனமாக அளித்தார். ஆற்றை நோக்கிய அயோனியத் தூண் முகப்பும் வார்ப்பிரும்புப் படிக்கட்டும் அக்காலத்தவை. ஓலே பீயின் கல்லறை உள்ள டேனிய இடுகாடும் ஊருக்குள்ளேயே இருக்கிறது.

1845இல் தரங்கம்பாடியும் செராம்பூரும் ஒரே ஒப்பந்தத்தில் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குப் பிரிட்டிஷ் கம்பெனியிடம் விற்கப்பட்டன. கல்லூரியின் சாசன உரிமைகள் தொடரும் என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. டேனியர் போய்விட்டனர், அந்தக் கட்டடத்தில் கல்லூரி இன்றும் நடக்கிறது. செராம்பூரை ஹவுராவிலிருந்து புறநகர் ரயிலில் எளிதாகச் சென்றடையலாம். தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்த்தவர்கள் இவ்வூரையும் பார்த்தால்தான் டேனிய ஆட்சியின் மறுபாதி விளங்கும்.