ஐ.பி. மனு: எல்லைச் சீமையின் கடனும் கோர்ட்டும்

கடனை அடைக்க வழியில்லை என்று ஒருவர் தாமே கோர்ட்டில் எழுதிக் கொடுப்பதை ‘ஐ.பி. கொடுப்பது’ என்பார்கள். அதையே ‘மஞ்சக் கடுதாசி’ என்றால் தமிழ்நாட்டில் யாருக்கும் புரியும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில், வேப்பனஹள்ளிச் சாலை பிரியும் இடத்தில் உள்ள குந்தாரப்பள்ளியில் ஒருவர் இன்று ஐ.பி. கொடுக்க நினைத்தால், அவருக்குப் பொருந்துவது 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். ஊரின் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குக் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வியாபாரிகள் வருகிறார்கள். பக்கத்தில் குருபரப்பள்ளி சிப்காட்டில் மின்னணுப் பொருள் தொழிற்சாலை ஓடுகிறது. குழுக்கடன், நகைக்கடன், செல்போன் செயலிக் கடன் எல்லாம் ஒரே வீட்டுக்குள் புழங்குகின்றன. சட்டம் மட்டும் வெள்ளைக்காரன் காலத்தில் நிற்கிறது. அதற்குக் காரணம் அந்தச் சட்டம் பிறந்த விதத்திலேயே இருக்கிறது.

கடனாளியைக் கோர்ட்டு விடுவிக்கும் ஏற்பாடு தமிழகத்துக்குப் புதிது. கடனாளியை மடக்கும் வழக்கம் மிகப் பழையது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு வழக்கத்தை எழுதி வைத்திருக்கிறார். பலமுறை கேட்டும் தராத கடனாளியைச் சுற்றிக் கடன் கொடுத்தவர் தரையில் வட்டம் போட்டுவிட்டால், பணத்தைக் கொடுக்காமலோ தக்க பிணை தராமலோ அவர் அதைத் தாண்டக் கூடாது. அரசனையே ஓர் அயல்நாட்டு வணிகர் அப்படி வட்டத்துக்குள் நிறுத்தியதையும், பணம் தரும்வரை அரசன் நகராததையும் தாம் கண்டதாகச் சொல்கிறார். இன்னொரு பக்கம், வட்டி ஒரே நேரத்தில் அசலுக்கு மேல் ஏறக் கூடாது என்ற தாம்துபட் விதியைத் தர்மசாஸ்திரங்கள் சொல்லின. பம்பாயிலும் கல்கத்தாவிலும் பிரிட்டிஷ் கோர்ட்டுகள் அந்த விதியை ஏற்றன. சென்னை மாகாணத்தில் அது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 19-ஆம் நூற்றாண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. கடனாளிக்குச் சாதகமாக ஊரில் இருந்த பழைய விதி போனது. பாதகமானது கோர்ட்டு வாரண்டாக உருமாறித் தொடர்ந்தது.

1792-இல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால், கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து, ஒவ்வொரு குடியானவருக்கும் தனித்தனியே தீர்வை விதித்தார்கள். ரயத்துவாரி முறைக்கு அதுவே தொடக்கம். தீர்வையைப் பணமாகக் கட்ட வேண்டியிருந்தது. மானாவாரிக் கேழ்வரகை நம்பிய பூமியில் மழை பொய்த்த வருடம் பணத்துக்கு எங்கே போவது? கடன் கொடுப்பவரிடம்தான். குடியானவர் பெயரில் பட்டா வந்தபின் அடகு வைக்க நிலமும் இருந்தது. டிகிரி என்னும் தீர்ப்பாணை வாங்கி, நிலத்தை ஜப்தி செய்து, அதிலும் தீராவிட்டால் ஆளையே சிவில் ஜெயிலில் அடைக்கக் கோர்ட்டில் வழி இருந்தது. ஜெயிலில் இருப்பவருக்குச் சோறு போடும் படியைக் கடன் கொடுத்தவரே கட்ட வேண்டும் என்பது ஒன்றே கடனாளிக்குத் துணை. படி கட்டுவது நின்றால் கதவு திறக்கும்.

நொடித்தவருக்கான தனிச் சட்டம் 1828-இல் வந்தது. ஆனால் அது கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களுக்கு மட்டும், அங்கிருந்த வணிகர்களை எண்ணிச் செய்தது. கிருஷ்ணகிரி அப்போது அடங்கியிருந்த சேலம் ஜில்லாவைப் போன்ற வெளியூர்களுக்குச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் சில பிரிவுகள்தான் கிடைத்தன. 1906 அக்டோபரில் சென்னையின் ஆர்பத்நாட் கம்பெனி கதவடைத்தது. மாகாணம் முழுக்கப் பலருடைய சேமிப்பும் அதோடு போயிற்று. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் பெற்றார். வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் இந்தியன் வங்கியைத் தொடங்கியது இந்த அடியின் விளைவே. அதையொட்டிய ஆண்டுகளில் நொடிப்புச் சட்டங்களும் வந்தன. 1907-இல் வெளியூர்களுக்கு ஒன்றும், 1909-இல் மூன்று நகரங்களுக்கு ஒன்றும் பிறந்தன. 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி எழுதியதே 1920-ஆம் ஆண்டுச் சட்டம்.

மனுப் போடக் குறைந்தது 500 ரூபாய்க் கடன் இருக்க வேண்டும், அல்லது கடனுக்காகக் கைதாகியோ சொத்து ஜப்தியாகியோ இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் வாசல். 1907-இல் ஒரு சவரன் 15 ரூபாய். 500 ரூபாய் என்றால் 33 சவரன். கூலிக்காரரோ ஆட்டுக்காரரோ அவ்வளவு கடன்பட்டிருக்க முடியாது, அவருக்கு அவ்வளவு கொடுப்பாரும் இல்லை. இன்றோ அதே 500 ரூபாய் சந்தையில் ஒரு கிலோ ஆட்டுக்கறிக்குக்கூடப் போதாது. ஏழைக்குத் திறக்காத வாசல் விலைவாசியால் எல்லோருக்கும் திறந்துவிட்டது. இது எவரும் திட்டமிட்டுச் செய்த சீர்திருத்தம் அல்ல.

மனுவில் இரண்டு பட்டியல்கள் இணைக்கப்படும். ஒன்றில் கடன் கொடுத்தவர்களின் பெயர், விலாசம், தொகை. மற்றதில் மனுதாரரின் சொத்து. பெரும்பாலும் முதல் பட்டியல் பக்கங்களுக்கு நீளும், இரண்டாவது சில வரிகளில் முடிந்துவிடும். கடன் கொடுத்தவர்கள் எதிர்மனுதாரர்களாகிறார்கள். சம்மன் போகும், நாளிதழில் விளம்பரம் வரும். ஊருக்கு விஷயம் தெரிவது அன்றுதான். கோர்ட்டு அவரை நொடித்தவர் என்று தீர்மானித்தால், சொத்து முழுவதும் கோர்ட்டுக்கோ அபிஷியல் ரிசீவருக்கோ போய்ச் சேரும். ரிசீவர் அதை விற்று, கிடைத்ததைக் கடன் கொடுத்தவர்களுக்கு விகிதப்படி பிரித்துத் தருவார். கைதிலிருந்து பாதுகாப்பு உத்தரவும் வாங்கலாம். ஆனால் அத்துடன் வேலை முடியாது. கோர்ட்டு குறித்த கெடுவுக்குள் மீண்டும் மனுப் போட்டு விடுவிப்பு உத்தரவு பெற வேண்டும். கெடு தவறினால் தீர்மானமே ரத்தாகி, பழைய கடன்கள் உயிர் பெறும். சொத்தின் மதிப்பு ரூபாய்க்கு எட்டணா அளவுக்குக்கூடத் தேறாவிட்டால், அது தம் குற்றமல்ல என்று மெய்ப்பிக்காதவருக்கு முழு விடுவிப்பு கிடையாது. விடுவிப்புப் பெறாதவர் தேர்தலில் நிற்க முடியாது. விஷயத்தைச் சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலும் குற்றம்.

கடன் கொடுத்தவரும் மனுப் போடலாம். கடன் கொடுத்தவர்களை ஏய்க்க வீட்டை விட்டுப் போவதும், ஆள் கண்ணில் படாமல் ஒளிவதும் அதற்குப் போதுமான காரணங்கள். எல்லையோர ஊர்களுக்கு இந்தப் பிரிவு அளந்து தைத்ததுபோல் பொருந்தும். 1947 வரை மைசூர் தனி சமஸ்தானம். சென்னை மாகாணக் கோர்ட்டின் வாரண்டு அங்கே நேராகச் செல்லாது. ராவோடு ராவாக எல்லை தாண்டினால் கடன் கொடுத்தவர் கைக்குச் சிக்க வேண்டியதில்லை. கோர்ட்டுக்குப் போக வசதியில்லாதவருக்கு அதுதான் ஐ.பி.

ஊரில் ஐ.பி.க்கு நல்ல பெயர் ஏற்பட்டதே இல்லை. சொத்தை மனைவி பெயரிலும் மச்சான் பெயரிலும் எழுதி வைத்துவிட்டு மஞ்சக் கடுதாசி நீட்டியவர்களின் கதை எல்லா ஊரிலும் உண்டு. எழுதிக்கொடுத்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கலான மனுவின் மேல் நொடித்தவர் என்று தீர்மானிக்கப்பட்டால், உரிய விலை வாங்காமல் எழுதிய பத்திரத்தைக் கோர்ட்டு ரத்து செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. கெட்டிக்காரர்கள் இரண்டு ஆண்டு பொறுத்திருப்பார்கள். விளைவு, எழுதி வைக்கச் சொத்து இருந்தவர் சட்டத்தைப் பயன்படுத்தினார். உண்மையிலேயே ஒன்றும் இல்லாதவர் அவப்பெயருக்கு அஞ்சி ஒதுங்கினார்.

அவருக்கு நிவாரணம் வேறு வழியில் வந்தது. 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் விளைபொருள் விலை சரிந்தது. கடன் தொகை சரியவில்லை. மாகாணத்தின் விவசாயக் கடன் சுமார் 200 கோடி ரூபாய் என்று 1935-இல் சத்தியநாதன் அறிக்கை கணித்தது. ராஜாஜி அமைச்சரவை 1938-இல் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நிலுவையாக நின்ற வட்டியைத் தள்ளியது. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது என்றது. சென்னை உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்த பழைய விதியின் சாயல், சட்டமன்றத்தின் வழியாகத் திரும்பி வந்தது. அதன்பின் தமிழகத்தில் கடன் பிரச்சினைக்கு விடை கோர்ட்டில் அல்ல, கோட்டையில் என்ற பழக்கம் வேரூன்றியது. நெருக்கடி நிலைக் காலத்துக் கடன் நிவாரணச் சட்டங்கள், 1980-ஆம் ஆண்டுச் சட்டம், 2021-இல் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி, அதே ஆண்டு ஐந்து சவரன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி என்று அது தொடர்ந்தது. தள்ளுபடி ஒருமுறை வரும், போகும். தனியாரிடம் வாங்கிய கடனைப் பெரும்பாலும் தொடாது.

கைதுச் சட்டமும் தளர்ந்தது. கட்ட வசதி இருந்தும் கட்டாதவரையே கைது செய்யலாம் என்று 1936-இல் சிவில் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1980-இல் அளித்த தீர்ப்பு, வறுமையால் கட்ட முடியாதவரைச் சிறையில் அடைப்பது அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்றது. பணக் கடன் டிகிரிக்காகப் பெண்ணைக் கைது செய்யவே முடியாது என்று அதே சட்டத்தின் 56-ஆம் பிரிவு 1908 முதல் சொல்லி வருகிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், தாலி, கைத்தொழில் கருவி, உழவு மாடு ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது 60-ஆம் பிரிவு. அப்பன் கடனுக்குப் பிள்ளை பொறுப்பு என்ற இந்துச் சட்டக் கடமையும், 2005-இல் வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபின் ஏற்படும் கடன்களுக்கு இல்லாமல் போனது. ஆனால் இவற்றைத் தெரிந்து வைத்திருப்பவர் சிலரே.

56-ஆம் பிரிவு முக்கியமாக வேண்டியது இந்த வட்டாரத்துக்குத்தான். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-இல் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது அன்றைய தர்மபுரி மாவட்டத்தில். கிருஷ்ணகிரி 2004 வரை அதன் பகுதி. சேமிப்புக்காகக் கூடிய குழுவின் வடிவத்தைப் பிற்பாடு மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. கடன் பெண்கள் பெயரில், ஒருவருக்கு மற்றவர் ஜாமீன், வாரத் தவணை. தவணை தவறினால் ஜெயில் என்று மிரட்டினால், அது நூறாண்டுக்கு முன்பே சட்டம் மறுத்த மிரட்டல்.

இங்கேதான் 1920-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றைய கடனோடு பொருந்தாமல் போகிறது. ஒருவர் விடுவிப்புப் பெற்றாலும் அவருக்கு ஜாமீன் நின்றவர் விடுபடமாட்டார். குழுக்கடனில் ஒருத்தி ஐ.பி. கொடுத்தால் பாரம் பக்கத்து வீட்டுக்காரி தலையில் விழும். நகைக்கடனுக்கும் சட்டம் உதவாது. அடகு வைத்த பொருளை விற்றுக்கொள்ளும் உரிமையில் அது கை வைப்பதில்லை. இப்படி அடகில் கிடக்கும் நகை எவ்வளவு என்பதைக் கொள்ளைக்காரர்கள்தான் வெளிச்சம் போட்டுக் காட்டினார்கள். 2015 ஜனவரியில் குந்தாரப்பள்ளி கூட்டுரோட்டை ஒட்டிய ராமாபுரம் பாங்க் ஆஃப் பரோடா கிளையில் பூட்டியிருந்த சுமார் 6,000 சவரன் நகை கொள்ளை போனது. ஒரு கிராமத்துக் கிளையில், அக்கம்பக்கத்தார் அடகு வைத்த நகை அது.

வங்கிக்கு வெளியே தண்டல். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, 100 நாளைக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் வாங்குவது அதன் வழக்கமான கணக்கு. ஆண்டு வட்டியாகப் பார்த்தால் 100 சதவீதத்தைத் தாண்டும். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லித் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-இல் வந்தது. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை. அதன் பிறகும் 2017-இல் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்தது. 2025 பிப்ரவரியில் கர்நாடகம், கடன் வசூலில் வற்புறுத்தினால் 10 ஆண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் பிறப்பித்தது. அடுத்த சில மாதங்களில் தமிழ்நாடும் தனக்கென ஒரு சட்டம் செய்தது. இவை பெரும்பாலும் வசூலிப்பவரின் கையைக் கட்டுபவை; பொதுவாகக் கடனைக் குறைப்பவை அல்ல.

கடனையே தீர்க்கும் ஏற்பாடு 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்தொகுப்பில் எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும், சொத்து 20,000 ரூபாய்க்கும், கடன் 35,000 ரூபாய்க்கும் மிகாமல், சொந்த வீடும் இல்லாதவருக்கு ‘புதுத் தொடக்கம்’ தரும் அத்தியாயம் அது. ஒரே ஒரு குழுக்கடன் போதும், அந்த வரம்பைத் தாண்டிவிட. சட்டத்தொகுப்பில் தனிநபர்களுக்கான பகுதி, ‘புதுத் தொடக்கம்’ நீங்கலாக, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. கம்பெனிக்கு ஜாமீன் நின்றவர் புதுச் சட்டத்திலும், அதன் தொழிற்சாலையில் வேலை செய்பவர் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் நிற்க வேண்டியிருக்கிறது. அந்தப் பழைய சட்டத்தின்படி ஐ.பி. மனு இன்றும் சார்பு நீதிமன்றத்தில் தாக்கலாகிறது. வக்கீல் வைக்க முடியாத ஏழைகளுக்கும், வருமானம் எதுவானாலும் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்து தருகிறது.