காய்ச்சல் என்று எழுதப்பட்டவர்கள்

2020 ஏப்ரலில் மதினிக்கு ஏழு மாசம். வயிறு தெரிய ஆரம்பிக்கும்வரை விடிகாலை ஜீப்பில் கம்பமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வந்தவர். மார்ச் 25 ஊரடங்கோடு குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு என்று மலையேறும் வழிகள் அடைபட்டன. எங்கள் தெருவில் ஏலக்காட்டுக் கூலியை நம்பி இருந்த அத்தனை வீட்டுக்கும் அன்றோடு வருமானம் நின்றது.

அப்பத்தா திண்ணையில் இருந்தபடி சொன்னது: "கொள்ளை நோய்னு வந்தா புள்ளத்தாச்சியத்தான்டா பொத்திப் பாக்கணும். எங்க ஆத்தாவோட அக்கா நெறமாசத்துல விஷக்காய்ச்சல்ல போனவ."

கணக்குப் போட்டுப் பார்த்தால் அது 1918. அந்த ஜூனில் பம்பாய்த் துறைமுகம் வழியாக இன்ஃப்ளூயன்ஸா இந்தியாவுக்குள் நுழைந்தது. செப்டம்பருக்குப் பின் வந்த இரண்டாம் அலைதான் கொன்றது. ரயில் தடத்தைப் பிடித்துக்கொண்டே நோய் நடந்தது என்பார்கள். மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததே 1928இல்தான். ஆனாலும் வண்டித்தடம் போதுமாயிருந்தது போல.

இந்தியாவில் மட்டும் 1.2 கோடியிலிருந்து 1.8 கோடிப் பேர் வரை இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1911க்கும் 1921க்கும் இடையில் நாட்டின் மக்கள்தொகை குறைந்தது. பம்பாய், மத்திய மாகாணங்களைவிடச் சென்னை மாகாணத்தில் சேதம் குறைவு. ஆனால் யார் செத்தார்கள் என்பது எங்கும் ஒன்றுபோலத்தான் இருந்தது. கிழடுகளைவிட 20இலிருந்து 40 வயதுக்காரர்கள். இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்கள். அந்த வருஷம் பருவமழையும் பொய்த்திருந்தது. கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிட்டவளும் நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளும் ஒருத்தியே.

அதில் கர்ப்பிணிகள் நிலை இன்னும் மோசம். 1919இல் ஹாரிஸ் என்ற அமெரிக்க மருத்துவர், இன்ஃப்ளூயன்ஸா கண்ட 1,350 கர்ப்பிணிகளின் விவரங்களைத் திரட்டினார். நூற்றுக்கு 27 பேர் இறந்திருந்தார்கள். நிமோனியா ஆனவர்களில் பாதிப்பேர். நம் பக்கம் அப்படி யாரும் எண்ணவில்லை. பிறப்பு இறப்பைக் கிராம அதிகாரிகள்தான் பதிந்தார்கள். இன்ஃப்ளூயன்ஸா சாவுகளில் பெரும்பகுதி வெறும் 'காய்ச்சல்' என்றே ஏறியது. வயிற்றில் பிள்ளை இருந்ததா என்பதற்கு அதில் இடமே இல்லை.

நூறு வருஷம் கழித்து எல்லாம் இருந்தது. 108 ஆம்புலன்ஸ், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி, கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி. ஆனால் தொற்று வந்ததும் ஊரடங்கு முதலில் தொட்டது இந்த ஏற்பாடுகளைத்தான். அங்கன்வாடி மூடியது, சத்துமாவு வீட்டுக்கு வந்தது. எங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரைக் கொரோனா வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஜூனில் வலி கண்டபோது மதினிக்குப் பரிசோதனையில் பாசிட்டிவ். ஒரு தனியார் மருத்துவமனை வாசலோடு திருப்பி அனுப்பியது. அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம், பெண் குழந்தை. வீட்டார் பயந்துபோய்ப் பிள்ளையைத் தள்ளி வைக்கப் பார்த்தோம். அந்தச் செவிலியர்தான் போனில் சத்தம் போட்டார்: "மாஸ்க் போட்டுட்டு, கையக் கழுவிட்டுப் பால் குடுக்கச் சொல்லுங்க. தாய்ப்பால நிப்பாட்டாதீங்க." உலக சுகாதார நிறுவனமும் அதையேதான் சொல்லியிருந்தது.

எங்களுக்கு நல்லபடியாக முடிந்தது. எல்லாருக்கும் முடியவில்லை. 2021 ஜனவரி 16இல் தடுப்பூசி தொடங்கியும், கர்ப்பிணிகளுக்கு அனுமதி கிடைத்தது ஜூலை 2இல்தான். இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த மே மாதத்தை அவர்கள் ஊசி இல்லாமலேயே கடந்தார்கள்.

மதினியின் தாய் சேய் நல அட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது. எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் மாதவாரியாக. ஏப்ரல், மே கட்டங்கள் மட்டும் காலி. யாராவது இந்தக் காலத்தை எழுதினால் அந்த இரண்டு கட்டங்களையும் பார்க்க வேண்டும்.

அட்டையைக் காட்டி அப்பத்தாவிடம் கேட்டேன், செத்துப்போன அந்தப் பெரியம்மா பேர் என்ன என்று.

"பேரு தெரியாதுடா. 'மூத்தவ'ன்னுதான் ஆத்தா சொல்லும்."