படத்தில் விழாத பல்

சில ஆண்டுகளுக்கு முன் உணவருந்துகையில் என் தற்காலிகப் பல்லுறை உடைந்து தொண்டைக்குள் போயிற்று. எக்ஸ்ரே படத்தில் விலா எலும்புகள் தெரிந்தன, உறை தெரியவில்லை. மூச்சுக்குழாயிலா, இரைப்பையிலா என்றறியாமல் அன்றிரவு நான் உறங்கவில்லை. காரணத்தை நூல்களில் தேடினேன்.

1895-இல் ராண்ட்ஜன் அக்கதிரைக் கண்டறிந்தார். மறு ஜனவரியிலேயே ஜெர்மானியப் பல் மருத்துவர் வால்காஃப் 25 நிமிடம் கதிரேற்றுத் தம் பற்களையே படமெடுத்தார், என்ன பொறுமை!

கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய இலேசான தனிமங்களாலான அக்ரிலிக், கதிரைத் தடுப்பதில்லை. கனத்த பேரியம் தடுக்கும். ஆயினும் பேரியம் சல்பேட்டுத் தூளை மிகுதியாகக் கலந்தால், அது பிசினோடு ஒட்டாமல் நின்று உறையின் வலுவைக் குறைத்துவிடும். 1962-இல் அமெரிக்கரான போவன், சிலேன் பூசிய சிலிக்காத் துகளைப் பிசினோடு பிணைத்துக் காப்புரிமை பெற்றார். பின்வந்தோர் பேரியக் கண்ணாடித் துகளையும் அவ்வாறே பிணைத்தனர். வலுவும் நிழலும் ஒருங்கே கிட்டின.

என்னுடையது வெறும் அக்ரிலிக். மூன்றாம் நாள் தானே வெளியேறிற்று.