நீலத் தாளும் மைசூர்த் தூதர்களும்

மேட்டூரிலிருந்து மாதேசுவரன் மலைக்கு ஏறும் பாதையில், தமிழகம் முடிந்து கர்நாடகம் தொடங்குமிடத்தில் காவிரியோடு சங்கமிக்கும் பாலாற்றை வேலூர்ப் பாலாறென்று வாசகர்கள் மயங்கிவிடலாகாது. 1956 வரை கோயமுத்தூர் ஜில்லாவிலும் பிறகு மைசூர் ஜில்லாவிலும் இருந்த கொள்ளேகால் சீமையின் ஓரத்து ஆறு இது. இன்று எல்லைச் சாவடி நிற்கும் இவ்விடத்தில் 1788-இல் எல்லை என்பதே கிடையாது. இரு கரைகளும் திப்பு சுல்தானின் ராஜ்யத்தைச் சேர்ந்தவை. அந்த ராஜ்யத்தின் மனிதர் மூவரைப் பிரெஞ்சுச் சித்திரக்காரர்கள் நேருக்கு நேர் கண்டு எழுதிய வரலாற்றையே இவ்வாரம் சொல்லப் புகுகிறேன்.

அதற்குமுன் பிரெஞ்சு நாட்டாரின் சித்திர முறையைச் சிறிது அறிந்துகொள்வது அவசியம். பதினெட்டாம் நூற்றாண்டில் அவர்கள் விரும்பிக் கையாண்ட நீலத் தாள், நீலச் சாயமேறிய பழந்துணிக் கந்தலைக் கூழாக்கிச் செய்யப்பட்டது. வெள்ளைத் தாளில் நிழலை மட்டுமே தீட்டலாம். வெளிச்சத்துக்குத் தாளை வெறுமையாக விட்டுவிடவேண்டும். நீலத் தாளிலோ, கறுப்புச் சாக்கட்டியால் நிழலையும் வெள்ளைச் சாக்கட்டியால் ஒளியையும் இட்டுவிட்டால், இரண்டுக்கும் இடைப்பட்ட சாயலைத் தாளே தந்துவிடுகிறது. மூக்கின் முனையில் ஒரு வெண்கீற்று விழுந்ததும் முகம் தாளிலிருந்து எழுந்து நம்மை நோக்குகிறது. வண்ணப் பொடிகளைக் கட்டியாக்கி எழுதும் ‘பாஸ்டல்’ சித்திரங்களுக்கும் பெரும்பாலும் இத்தாளே ஆதாரம். ஆனால் வெயில் பட்டால் நீலம் மங்கிப் பழுப்பாகிவிடும்; ஆதலால் இவற்றை இருளில் வைத்தே பாதுகாக்கிறார்கள்.

அத்தகைய பாஸ்டல் கலைஞரான லூயி விஜேயின் மகள் எலிசபெத் விஜே லெப்ரன். தந்தையிடம் சிறுமியாகவே பாடங்கேட்டு, பன்னிரண்டு வயதில் அவரை இழந்து, பின்னாளில் அரசி மேரி அன்டோனெட்டின் சித்திரக்காரியாக உயர்ந்தவர். நான் சொல்லவந்த மூவருள் ஒருவரைத் தைல வர்ணத்தில் எழுதியவரும் அவரே.

1787 ஜூலையில் புதுச்சேரியில் கப்பலேறிய திப்புவின் தூதர்களான முகம்மது தர்வேஷ் கான், அக்பர் அலி கான், முகம்மது உஸ்மான் கான் ஆகிய மூவரும், ஏறக்குறைய பதினொரு மாதக் கடற்பிரயாணத்தின்பின் தூலோன் துறைமுகத்தில் இறங்கி, 1788 ஆகஸ்டு 10-ஆம் தேதி வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னரைக் கண்டார்கள். அவர்கள் நாடிச் சென்றது ஆங்கிலேயருக்கு எதிரான படையுதவி. ஆங்கிலேயரோடு 1783-இல் சமாதானம் செய்துகொண்டு, கஜானாவும் வறண்டிருந்த மன்னர் உபசாரத்தில் குறை வைக்கவில்லை, படையைத்தான் தரவில்லை.

ஆபரா என்னும் இசைநாடக அரங்கில் அவர்களைக் கண்ட விஜே லெப்ரன், அந்த முகங்களை எழுதியே தீருவதென்று உறுதிகொண்டார். மன்னர் கேட்டாலொழியப் படமெழுத இடங்கொடுக்கமாட்டோம் என்றார்கள் தூதர்கள், மன்னரும் கேட்டார். வெண்ணிற அங்கியும் உடைவாளுமாகத் தர்வேஷ் கான் கம்பீரமாக நிற்கும் தைல வர்ணப் படம் இவ்வாறு உருவாயிற்று. எழுதி முடிந்ததும் தர்வேஷ் கான் அதைத் தம் கட்டிலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தர மறுத்தார் என்றும், பெருமுயற்சியின் பேரிலேயே அதை மீட்க நேர்ந்தது என்றும் அந்த அம்மையாரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை; தம் உருவம் அந்நியர் கையில் தங்கிவிடுவதை ஒரு மனிதர் விரும்பாததில் நகைப்பதற்கு என்ன இருக்கிறது?

படம் 1789-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது, பாஸ்டில் சிறை தகர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. 1792-இல் திப்பு தம் ராஜ்யத்தில் பாதியை இழந்தார்; 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையில் உயிர் துறந்தார்.

ராஜதந்திரத்தில் பயனற்றுப்போன அந்தத் தூதின் மெய்யான லாபம் இச்சித்திரமே என்று நான் துணிந்து சொல்வேன். வெற்றிகொண்டவர்கள் பிற்காலத்தில் கற்பனை செய்து எழுதிய மைசூர் முகங்களுக்கிடையே, தோற்காத காலத்து முகம் ஒன்றை இது காட்டுகிறது. 2019-இல் நியூயார்க் ஏலத்தில் எழுபது லட்சம் டாலருக்கு மேல் விலைபோன அந்த மூலம் நமக்கு எட்டாதது. அதன் நல்லதொரு பிரதியையாவது, பொள்ளிலூர்ப் போர்ச் சித்திரம் விளங்கும் ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகையில், தர்வேஷ் கானின் பெயரைப் பொறித்து வைக்கவேண்டுமென்று உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.