கொலிஸ்டின்: ஒதுக்கி வைத்த மருந்து திரும்பி வந்த கதை

உளுந்தூர்பேட்டை வீட்டு பீரோவில் பெரியப்பாவின் ஆஸ்பத்திரி ஃபைல் ஒன்று இருக்கிறது. 2016-ல் நான்குவழிச் சாலையில் பைக் விபத்து, தலையில் அடி, வெளியூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியுவில் 31 நாள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அதை மறுபடி எடுத்துப் புரட்டினேன். காரணம் பெரியம்மா. வீட்டுக்கு யார் வந்தாலும் இன்னமும் சொல்வார்: "அடிபட்டதுல ஒண்ணும் ஆகலப்பா. ஊசி போட்டுத்தான் கிட்னி போச்சு."

அந்த ஊசிக்குச் சம்மதம் என்று கையெழுத்து போட்டவன் நான்.

பன்னிரண்டாம் நாள். வென்டிலேட்டரில் இருந்தவருக்கு நுரையீரலில் கிருமித்தொற்று. டாக்டர் வெளியே வந்து கல்ச்சர் ரிப்போர்ட்டை நீட்டினார். கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. கீழே மருந்துப் பெயர்கள் வரிசையாக, எதிரே ஒவ்வொரு எழுத்து. ஆர் என்றால் கிருமி மசியாது, எஸ் என்றால் மசியும். மேலிருந்து ஆர், ஆர், ஆர். கடைசி இரண்டு வரி மட்டும் எஸ்: டைகிசைக்ளின், கொலிஸ்டின். "இதுதான் சார் மிச்சம். கிட்னியைப் பாதிக்கலாம். சைன் பண்ணுங்க."

கொலிஸ்டின் போட ஆரம்பித்த அன்று கிரியேட்டினின் 0.9. பத்தாம் நாள் 4.1. அப்புறம் ஐந்து முறை டயாலிசிஸ்.

அப்போது எனக்குக் கொலிஸ்டின் ஏதோ புது மருந்து என்ற நினைப்பு. விலையும் அப்படித்தான் நினைக்க வைத்தது. பிறகு தேடிப் பார்த்தால் அது பெரியப்பாவின் வயசுக்காரன். பாலிமிக்ஸின் என்ற குடும்பம். 1947-ல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தனித்தனிக் குழுக்கள் மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து இதைப் பிரித்தன. அதே குடும்பத்துக் கொலிஸ்டினை ஜப்பானில் கோயாமா குழுவினர் 1950-ல் அறிவித்தார்கள். 1950-களின் கடைசியில் ஊசியாகப் புழக்கத்துக்கு வந்தது.

வேலை செய்யும் விதம் முரட்டுத்தனமானது. பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் போய் ஒட்டி, சோப்பு எண்ணெயைக் கலைப்பது மாதிரி அதைக் கலைத்துவிடும். சிக்கல் சிறுநீரகத்தில். நம் சிறுநீரகம் ஒரு நாளைக்கு 180 லிட்டர் போல வடிகட்டி, அதில் பெரும்பகுதியைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. அப்படி இழுக்கும் நுண்குழாய்ச் செல்கள் கொலிஸ்டினையும் சேர்த்து இழுக்கின்றன. வெளியே போகவேண்டியது அங்கேயே தங்கிச் சேர்கிறது, செல் வீங்கிச் சாகிறது. அடித்தளம் கெடாமல் இருந்தால் புதுச் செல்கள் முளைக்கும். பலருக்குப் பாதிப்பு கொஞ்ச வாரத்தில் திரும்புவது அதனால்தான்.

1970-ல் அமெரிக்காவில் கோச்-வீசரும் உடன் இருந்தவர்களும் 317 சிகிச்சைகளை எண்ணி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஐந்தில் ஒன்றில் சிறுநீரகப் பாதிப்பு. அதற்குள் ஜென்டாமைசின் வந்துவிட்டது. அதுவும் கிட்னிக்கு நல்லதில்லை, ஆனாலும் பரவாயில்லை ரகம். கொலிஸ்டின் ஊசி அலமாரியின் பின்வரிசைக்குப் போனது. 1980-களில் இமிபெனம் முதலிய கார்பபீனம் மருந்துகள் வந்ததும் யாரும் அதைத் தேடவில்லை.

திரும்பத் தேட வைத்த கதையில் நம் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. டெல்லி மருத்துவமனையில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய 59 வயது நோயாளி ஒருவரிடம் 2008-ல் ஒரு கிளெப்சியெல்லா கிடைத்தது. கார்பபீனத்தையே உடைக்கும் நொதி அதில் இருந்தது. பெயர் என்டிஎம்-1, புதுடெல்லியின் பெயரால். 2010 ஆகஸ்டில் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வந்த ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73 மாதிரிகள். பெரும்பாலானவை இரண்டே மருந்துகளுக்கு மசிந்தன: டைகிசைக்ளின், கொலிஸ்டின். ஆறு வருஷம் கழித்து ஐசியு வாசலில் நான் பார்த்த கடைசி இரண்டு வரிகள்!

அந்தக் கட்டுரை வந்தபோது நாட்டில் நடந்த பெரிய சண்டை ஊர்ப்பெயரைப் பற்றி. 2011-ல் லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் பெயருக்காக வருத்தமும் தெரிவித்தார். எனக்கென்னவோ பெயரில் செலவழித்த கோபத்தில் பாதியைக் கிருமி மேல் காட்டியிருக்கலாம் என்று தோன்றுகிறது. உருப்படியாக நடந்த ஒன்று, 2012-ல் மருத்துவச் சங்கங்கள் கூடி டாக்டர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைப்பில் எழுதிய சென்னைப் பிரகடனம். இன்னொரு பக்கம் இதே கொலிஸ்டினைக் கோழித் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலந்துகொண்டிருந்தோம். மத்திய அரசு அதைத் தடை செய்தது 2019 ஜூலையில்தான்.

இனி ஃபைலுக்கு வருகிறேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் "கொலிஸ்டின் 150 மி.கி., நாளைக்கு இரண்டு வேளை" என்று இருந்தது. சாஃப்ட்வேர்காரனுக்கு அளவைப் பார்த்தால் முதல் கேள்வி, எதன் மி.கி.? அலகு மாறியதால் 1999-ல் செவ்வாய்க்குப் போன விண்கலத்தையே நாசா இழந்திருக்கிறது. இங்கேயும் அதே கூத்து. ஊசியில் இருப்பது கொலிஸ்டின் இல்லை, கொலிஸ்டிமெத்தேட் என்ற உப்பு. உடம்புக்குள் போய்த்தான் கொலிஸ்டினாக மாறும். 10 லட்சம் யூனிட் என்பது உப்புக் கணக்கில் 80 மி.கி., கொலிஸ்டின் கணக்கில் 33 மி.கி. சுமார். ஒரு நாட்டில் யூனிட், ஒரு நாட்டில் உப்பு, ஒரு நாட்டில் கொலிஸ்டின் என்று எழுதி வந்தார்கள். அமெரிக்காவில் இந்தக் குழப்பத்தில் அளவு கூடி ஒரு நோயாளி இறந்த பிறகு 2011-ல் எச்சரிக்கை வந்தது. 2013-ல் இத்தாலியின் பிராட்டோவில் கூடிய நிபுணர்கள் லேபிளில் எந்தக் கணக்கு என்று தெளிவாக எழுதச் சொன்னார்கள். பழைய மருந்து என்பதால் இன்றைய முறைப்படியான அளவுச் சோதனை எதுவும் இல்லாமலே புழக்கத்துக்கு வந்திருந்தது.

சம்மரியை வைத்து ஒன்றும் தீராது. ஆனால் ஃபைலின் அடியில் மருந்துக்கடைப் பில்கள் இருந்தன. தினமும் சீட்டைக் கொடுத்து நம்மைத்தானே வாங்கி வரச் சொல்வார்கள்! 10 லட்சம் யூனிட் குப்பி, நாளைக்கு 9. ஆக 90 லட்சம் யூனிட், கொலிஸ்டின் கணக்கில் 300 மி.கி., அதாவது 150 இரண்டு வேளை. ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் சொன்ன முழு அளவும் இதேதான். அலகு தப்பவில்லை. மூச்சு வந்தது.

அப்புறம் லேப் தாள்களையும் பில்களையும் தேதிவாரியாக ஒரு எக்செல்லில் போட்டேன். நாலாம் நாள் கிரியேட்டினின் 1.7, குப்பி 9. ஆறாம் நாள் 2.8, குப்பி 9. ஏழாம் நாளும் 9. எட்டாம் நாள்தான் 4 ஆகிறது. சிறுநீரகம் தளரும்போது உப்பு வெளியேறுவது குறையும், கூடுதலாகக் கொலிஸ்டின் ஆகும், அது இன்னும் தளர்த்தும். அதனால் சிறுநீரக வேலை பாதிக்குக் கீழே இறங்கினால் நாளைக்கு 55 முதல் 75 லட்சம், இன்னும் இறங்கினால் 45 முதல் 55 லட்சம் என்று அதே பரிந்துரை சொல்கிறது. இங்கே இரண்டு மூன்று நாள் தாமதம். ரத்தத்தில் தொற்று பரவினால் அதுவே கிட்னியைக் கெடுக்கும். அளவைக் குறைத்தால் கிருமி ஜெயித்துவிடும் என்ற பயம் டாக்டருக்கும் இருந்திருக்கும். எல்லாம் சரி. ஆனாலும் அந்த மூன்று நாள் பில்லில் இருக்கிறது, கடையில் போய் வாங்கி வந்ததும் நான்தான்.

நுரையீரல் தொற்று போனது. டயாலிசிஸ் மூன்று வாரத்தில் நின்றது. கிரியேட்டினின் 1.6-ல் நின்றுகொண்டது. பெரியப்பா அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தார், காலையில் டீக்கடை வரை நடந்தார்.

பெரியம்மாவிடம் தாளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி போடாமல் இருந்தால் அவர் ஐசியுவை விட்டே வந்திருக்க மாட்டார் என்பதையும், அந்த மூன்று நாளையும். கேட்டுவிட்டு, "அப்ப நான் சொன்னது சரிதானேப்பா?" என்றார்.

பாதி சரி பெரியம்மா என்றேன். ஃபைலை பீரோவில் வைத்துப் பூட்டினார்.