கண்டியில் ஓமி ஆட்டம்: ஒரு வரலாற்று நோக்கு

கண்டியிலும் அதனை அடுத்த பேராதனை, கட்டுகஸ்தோட்டை முதலிய ஊர்களிலும், சித்திரைப் புத்தாண்டுக் காலத்திலும் மரண வீடுகளில் இரவு விழித்திருக்கும் வேளையிலும் மக்கள் கூடி ஆடும் சீட்டாட்டம் ஓமி ஆகும். வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கப்படும் இவ்வாட்டம், மலைநாட்டு வரலாற்றின் ஒரு கூற்றைத் தன் சொற்களிலே பேணி வைத்திருக்கின்றது.

அதன் விதிகள் எளியன. 52 சீட்டுக்களில் ஏழு முதல் ஆஸ் வரையான 32 மட்டுமே கொள்ளப்படும். எதிரெதிரே அமரும் இருவர் ஓரணியாக நால்வர் ஆடுவர். ஆளுக்கு நான்கு சீட்டுக்கள் வழங்கப்பட்டதும், பகிர்ந்தவரின் வலப்புறத்தார் துரும்பு இனத்தை அறிவித்தல் வேண்டும். எஞ்சிய நான்கும் அதன் பின்னரே கிடைக்கும். முதலில் இறக்கப்பட்ட இனம் கையில் இருப்பின் அதனையே ஏனையோரும் இடல் வேண்டும். ஒரு சுற்றில் விழும் நான்கு சீட்டுக்களும் ஒரு பிடியாகும். எட்டுப் பிடிகளில் ஐந்தையேனும் துரும்பு கூறிய அணி வென்றால் அதற்கு ஒரு புள்ளி. எதிரணி வென்றாலோ இரண்டு. பாதிக் கையை மட்டும் கண்டு துணிபவர், தவறின் இரட்டிப்பாக இழப்பர்.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வளர்ந்த போக்கரில் ஒவ்வொருவரும் தமக்காகவே பணயம் வைப்பர். ஓமியில் துணைவர் வெல்லும் பிடியில் தம் வலிய சீட்டை வீணாக்காமையும், விழுந்தவற்றை நினைவிற் கொள்வதுமே திறமையாகும்.

இனி, இவ்வாட்டத்தின் சொற்களை நோக்குவோம். சிங்களத்தில் வழங்கும் இஸ்கோப்ப, ஹார்த்த, ருயித்த, கலாபர என்னும் இனப் பெயர்கள் ஒல்லாந்த மொழியின் ஸ்கோப்பன், ஹார்ட்டன், ரௌட்டன், கிளாவரன் என்பவற்றின் திரிபுகளே. துரும்பு என்பது போர்த்துக்கேயரின் துருன்ஃபோ என்பதை ஒத்தது.

ஆயின், இவ்விரு வல்லரசுகளும் கண்டியை ஆண்டதில்லை. 1765இல் ஒல்லாந்தப் படை நகரைக் கைப்பற்றியும், கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கனை அடிபணிவிக்க இயலாது அவ்வாண்டிலேயே பின்வாங்கியது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அவர்கள் பெற்றது கரையோரத்தையே. 1815இல் கண்டி வீழ்ந்தது ஆங்கிலேயரிடம். எனினும் இன்று கண்டிச் சிறுவர் சீட்டெடுத்ததும் ஒல்லாந்தச் சொல்லையே உரைக்கின்றனர்.

இதனை விளக்குவது எளிது. கரையோரத்துடன் வணிகம் நடந்து வந்தது. ஆங்கிலேயர் அமைத்த பாதைகளும், 1867இல் கண்டியை எட்டிய புகையிரதமும் மக்களை மேலும் நெருங்கச் செய்தன. மலைநாட்டுக் கணவாய்களைச் சொற்கள் ஓசையின்றிக் கடந்தன. போரையும் உடன்படிக்கையையும் மட்டும் வரலாறெனக் கொள்வோர் இதனைக் காணார். மரண வீட்டு விளக்கொளியில் பாயில் விழும் ஒரு சீட்டும் வரலாற்றுச் சான்றே என்பதை உணர்தல் நன்று.